அத்தியாயம் 7: செஷனும் குக்கீயும் – எந்த நாற்காலிக்கு எவ்வளவு நேரம்?

எச்.டி.டி.பி.க்கு ஞாபகம் கிடையாது. சற்றுமுன் ஒரு பக்கத்தைக் கேட்டவர்தான் இப்போது இன்னொன்றையும் கேட்கிறார் என்று சர்வருக்குத் தெரியாது. இதை ஈடுகட்ட 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி செய்த ஏற்பாடுதான் குக்கீ. சர்வர் ஒரு சிறு வரியைப் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். இன்றைய பிரவுசர்கள் பின்பற்றும் விதிகளுக்கு அடித்தளம் 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6265.

செஷன் இதன்மேல் எழுப்பிய மாடி. கோயில் வாசலில் செருப்பு விடும்போது என்ன நடக்கிறது? செருப்பு கடைக்குள் போய்விடும், நம் கையில் எண் போட்ட டோக்கன் மட்டும் மிஞ்சும். திரும்பி வரும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறார்கள். குக்கீயில் இருக்கும் செஷன் எண்ணும் அப்படித்தான். உள்ளே நுழைய கடவுச்சொல் வேண்டும்; நுழைந்த பிறகு அந்த எண் மட்டும் போதும். அதை வைத்திருப்பவர் எவரோ அவரே உறுப்பினர்.

ஆகவே செஷனை அமைக்க உட்காரும்போது முதலில் திறக்கவேண்டியது செட்டிங்ஸ் கோப்பு அல்ல. நம் தளத்தை யார், எந்தக் கணினியில், எவ்வளவு நேரம் பயன்படுத்துவார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இந்த அத்தியாயத்துக்கு ஜாங்கோவில் எழுதிய ஒரு பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வகை ஆட்கள். காலை 10 மணி முதல் மாலை வரை அலுவலகக் கணினியில் ரசீது போடும் எழுத்தர். மாதம் ஒருமுறை சொந்தக் கைப்பேசியில் கடன் பாக்கியைப் பார்க்கும் உறுப்பினர். கைப்பேசித் திரை ஒத்துவராமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருக்கும் தம்பியின் உதவியோடு கணக்கு பார்க்கும் ஓய்வுபெற்ற உறுப்பினர். மூவருக்கும் ஒரே அளவு பொருந்தாது. இணையத்தில் கிடைக்கும் செட்டிங்ஸ் துண்டுகளை அப்படியே ஒட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். அவை வேறு யாருடைய நாற்காலிக்கோ அளவெடுத்தவை.

ஒரு குறிப்பு: அமைப்புகளின் பெயர்களை இந்நூல் முழுவதும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், அதே அடிக்கோடுகளுடன் எழுதவேண்டும்.

கொடுப்பது என்ன, வைத்திருப்பது என்ன

புதிய ஜாங்கோ திட்டத்தில் செஷன் வசதி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். லாகின் செய்துவிட்டு பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் குக்கீ பட்டியலைத் திறந்தால் ‘செஷன்ஐடி’ என்ற பெயரில் 32 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் தெரியும். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் தற்போக்காகக் கலந்தது. பக்கத்திலேயே சி.எஸ்.ஆர்.எஃப். குக்கீயும் இருக்கும், அது படிவங்களைக் காக்க வந்தது, அதன் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சர்வர் பக்கத்தில் ‘ஜாங்கோ_செஷன்’ என்ற அட்டவணை. மூன்றே பத்திகள்: செஷன் எண், தரவு, காலாவதி நேரம். தரவைப் பார்த்தால் புரியாத எழுத்துக்குவியலாகத் தோன்றும். அது மறையாக்கம் செய்யப்பட்டதல்ல, வடிவம் மாற்றிக் கையொப்பமிட்டது மட்டுமே. அட்டவணை கையில் கிடைத்தவர் எளிதாகப் படித்துவிடலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை ‘பிறகு தேவைப்படுமே’ என்று செஷனுக்குள் போட்டுவைக்கும் பழக்கத்தைப் பல திட்டங்களில் பார்க்கலாம். உறுப்பினரின் வரிசை எண் இருந்தால் மற்றதை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே!

ஆயுள்

‘செஷன்_குக்கீ_ஏஜ்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 12,09,600 நொடி, அதாவது இரண்டு வாரம். சொந்தக் கைப்பேசி வைத்திருக்கும் உறுப்பினருக்கு இது சௌகரியம்தான், ஆனால் பணம் சம்பந்தப்பட்ட தளத்துக்கு மிகுதி. பிரவுசிங் சென்டருக்கோ இது ஆபத்து.

இந்த இடத்தில் பலர் நேரே போய்ச் சேருவது ‘செஷன்_எக்ஸ்பயர்_அட்_பிரவுசர்_க்ளோஸ்’ என்ற அமைப்பில். அதை ‘ட்ரூ’ ஆக்கினால் பிரவுசரை மூடியதும் லாகின் முடிந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டு காரணங்களால் அந்த நம்பிக்கை அரைகுறை. முதலாவது, பிரவுசரை யார் மூடுகிறார்கள்? கைப்பேசியில் யாரும் மூடுவதில்லை. கணினியில் மூடினாலும், ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்ற வசதி இயங்கினால் குரோம் பழைய பக்கங்களோடு அந்தக் குக்கீகளையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். இரண்டாவது காரணம் நுட்பமானது, கைநூல்களில் அதிகம் பேசப்படாதது: இந்த அமைப்பு பிரவுசரிடம் சொல்லும் ஆயுளை மட்டுமே மாற்றுகிறது. சர்வரில் இருக்கும் வரியின் காலாவதி நேரம் இன்னமும் ‘செஷன்_குக்கீ_ஏஜ்’ சொல்லும் அதே இரண்டு வாரம்தான். அதற்குள் எண்ணை யாராவது நகலெடுத்திருந்தால் அது செல்லும். காலக்கெடுவை விதிக்கவேண்டியவர் சர்வர்; பிரவுசர் அதை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம்.

அடுத்து, அந்த இரண்டு வாரம் எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது? கடைசியாக உறுப்பினர் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து என்று நினைப்போம். இல்லை. செஷனில் கடைசியாக ஏதாவது எழுதப்பட்டதிலிருந்து. எழுத்தர் நாள் முழுக்கப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாலும், செஷனில் எதையும் எழுதாத பக்கங்களானால், 30 நிமிடக் கெடு கொடுத்தால் சரியாக 30-ஆவது நிமிடம் ரசீதின் பாதியில் வெளியே தள்ளிவிடும். ‘செஷன்_சேவ்_எவ்ரி_ரிக்வெஸ்ட்’ அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கினால் ஒவ்வொரு கோரிக்கையிலும் செஷன் எழுதப்படும், கெடுவும் தள்ளிப்போகும். விலை, கோரிக்கைக்கு ஒருமுறை தரவுத்தளத்தில் எழுதுவது. ஒரு சங்கத்தின் தளத்துக்கு அது பொருட்டே அல்ல. நாளிதழ் அளவுக்குக் கூட்டம் வரும் தளமானால் யோசிக்கலாம்.

எவ்வளவு நிமிடம்? வலைப் பாதுகாப்பில் பலரும் பின்பற்றும் ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டி, மதிப்பு மிகுந்த செயலிகளுக்கு 2 முதல் 5 நிமிடச் சும்மா இருப்பையும், ஆபத்து குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடத்தையும் சொல்கிறது. நம் தளத்தில் ‘இது என் சொந்தக் கருவி’ என்று லாகின் பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள். அதில் குறியிடாதவர் எல்லாரையும் பிரவுசிங் சென்டரில் இருப்பவராகவே கருதி 10 நிமிடம் கொடுங்கள். குறியிட்டவருக்கு 7 நாள். ஆனால் கடன் விண்ணப்பம், வங்கிக் கணக்கு மாற்றம் இவற்றுக்குக் கடவுச்சொல்லை மறுபடி கேட்கவேண்டும். எழுத்தருக்கு 30 நிமிடச் சும்மா இருப்பு, கூடவே அலுவலக நேரம் முடிந்தால் கட்டாய வெளியேற்றம். பெட்டி இயல்பாகவே குறியிட்டபடி வந்து நிற்கக்கூடாது. பல தளங்கள் அப்படிச் செய்கின்றன. பயனருக்கு வசதி செய்கிறோம் என்பது அவற்றின் சமாதானம்.

இதை ஆளுக்கு ஆள் மாற்ற ‘ரிக்வெஸ்ட்.செஷன்.செட்_எக்ஸ்பைரி’ இருக்கிறது. லாகின் வெற்றிபெற்றதும் இதை அழைக்கவேண்டும். இதற்கு முழு எண்ணாகக் கொடுத்தால் அத்தனை நொடி, கடைசி எழுத்திலிருந்து எண்ணப்படும். கால இடைவெளியாகவோ தேதி நேரமாகவோ கொடுத்தால் அந்தக் கணத்தில் செஷன் முடியும், இடையில் என்ன எழுதினாலும் நகராது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டும் நடத்தையில் வேறு. எழுத்தருக்கு இரண்டு கெடுவும் சேர்ந்து வேண்டுமே என்றால், ஜாங்கோவில் அதற்கு ஆயத்த அமைப்பு இல்லை. லாகின் நேரத்தைச் செஷனில் குறித்துவைத்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைப் பார்த்து வெளியேற்றும் சிறு மிடில்வேரை நீங்களே எழுதவேண்டும். பத்துப் பன்னிரண்டு வரி வேலை.

குக்கீயின் மூன்று பூட்டுகள்

‘செஷன்_குக்கீ_எச்டிடிபிஒன்லி’ இயல்பாகவே ‘ட்ரூ’. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் குக்கீயைப் படிக்கமுடியாது. மாற்றத் தேவையில்லை, யாராவது மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

‘செஷன்_குக்கீ_செக்யூர்’ இயல்பாக ‘ஃபால்ஸ்’. சொந்தக் கணினியில் எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் உருவாக்குபவர்களுக்காக அப்படி விட்டிருக்கிறார்கள். தளம் வெளியே போகும் நாளில் இது ‘ட்ரூ’ ஆகியே தீரவேண்டும், ‘சிஎஸ்ஆர்எஃப்_குக்கீ_செக்யூர்’ அதன் ஜோடி. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் செஷன் குக்கீயைப் பிடித்து ஒரே கிளிக்கில் அவர் கணக்குக்குள் நுழையவைத்தது. பெரிய தளங்கள்கூட அப்போது லாகின் பக்கத்துக்கு மட்டும் எச்.டி.டி.பி.எஸ். வைத்து மற்றதைத் திறந்துவிட்டிருந்தன.

இதை ‘ட்ரூ’ ஆக்கிய உடனே வரும் புகார் ஒன்று உண்டு: சரியான கடவுச்சொல் போட்டாலும் மறுபடி லாகின் பக்கமே வருகிறது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. தளம் இன்னும் வெறும் எச்.டி.டி.பி.யில் திறந்திருக்கிறது என்று பொருள். குக்கீயைப் பிரவுசர் ஏற்கவில்லை, சர்வர் ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே பார்க்கிறது. அமைப்பைத் திருப்பி ‘ஃபால்ஸ்’ ஆக்காதீர்கள், முகவரியைத் திருத்துங்கள்.

முன்னால் என்ஜின்எக்ஸ் நின்று எச்.டி.டி.பி.எஸ்.-ஐ அவிழ்த்துக் கொடுக்கும் அமைப்பில், ஜாங்கோவுக்கு வருவது எல்லாமே எச்.டி.டி.பி.யாகத் தெரியும். குக்கீயின் செக்யூர் குறி இதனால் பாதிக்கப்படாது. ஆனால் ஜாங்கோ 4.0 முதல் படிவங்கள் அனுப்பும்போது மூலத்தளச் சரிபார்ப்பில் சிக்கல் வரும். ‘செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர்’ அமைப்பு இதற்குத்தான். வெளியாள் அனுப்பும் அதே பெயருள்ள தலைப்பு வரியை என்ஜின்எக்ஸ் அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதுகிறது என்று உறுதிசெய்த பிறகே இதைப் போடவேண்டும்.

மூன்றாவது பூட்டு ‘செஷன்_குக்கீ_சேம்சைட்’. இதுதான் நம் ஊர்த் தளங்களில் அதிகத் தலைவலி தருவது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வேறொரு தளத்திலிருந்து கிளம்பி நம் தளத்துக்கு வரும் கோரிக்கையில் குக்கீயை அனுப்பலாமா என்பது கேள்வி. ‘ஸ்ட்ரிக்ட்’ என்றால் ஒருபோதும் அனுப்பாது. ‘லாக்ஸ்’ என்றால், இணைப்பைத் தட்டி முழுப்பக்கமாக வரும் ‘கெட்’ கோரிக்கைக்கு மட்டும் அனுப்பும். ‘நன்’ என்றால் எல்லாவற்றுக்கும் அனுப்பும், ஆனால் செக்யூர் குறி கட்டாயம். ஜாங்கோ 2.1 முதல் இயல்பு மதிப்பு ‘லாக்ஸ்’. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் குறிப்பிடாத குக்கீகளையும் ‘லாக்ஸ்’ ஆகவே கருதும் நடைமுறை படிப்படியாகத் தொடங்கியது. கொரோனா பரவியதால் ஏப்ரலில் அதை நிறுத்திவைத்து ஜூலையில் மீண்டும் தொடர்ந்தார்கள்.

இப்போது நம் உறுப்பினர் கடன் தவணையை இணையத்தில் கட்டுகிறார். பணம் செலுத்தும் கேட்வேக்குப் போகிறார், ஓ.டி.பி. போடுகிறார், பணம் போய்விடுகிறது. கேட்வே அவரை நம் தளத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பல கேட்வேகள் இதை ‘போஸ்ட்’ கோரிக்கையாக அனுப்புகின்றன. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் என்பதால் ‘லாக்ஸ்’ குக்கீ கூடவராது. உறுப்பினர் காண்பது லாகின் பக்கம். பணம் கட்டியாயிற்றா இல்லையா என்று தெரியாமல் மறுபடி கட்டுகிறார், மறுநாள் சங்க அலுவலகத்தில் வந்து நிற்கிறார்.

உடனடி வைத்தியமாக ‘நன்’ ஆக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. ஒரே ஒரு திரும்பும் பக்கத்துக்காக முழுத் தளத்தின் பூட்டையும் கழற்றுவது அது. சரியான வழி, அந்தத் திரும்பும் பக்கத்தைச் செஷனையே நம்பாதபடி எழுதுவது. கேட்வே அனுப்பும் ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் சரிபாருங்கள். கட்டணத்தை உங்கள் அட்டவணையில் பதியுங்கள். பிறகு 303 பதிலோடு ரசீதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் திருப்பல் ‘கெட்’ ஆக நடப்பதால் குக்கீ இப்போது வந்துவிடும். உறுப்பினர் லாகின் ஆனபடியே ரசீதைப் பார்ப்பார். கேட்வேயிடம் நம் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கன் இராது என்பதால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கவேண்டும். கையொப்பச் சரிபார்ப்பு இருப்பதால்தான் அந்த விலக்கு தகும்.

இன்னொரு கண்ணி: அந்தத் திரும்பும் பக்கத்தில் செஷனில் எதையும் எழுதாதீர்கள். குக்கீ வராத கோரிக்கையில் எழுதினால் ஜாங்கோ புதிதாக ஒரு செஷனைத் தொடங்கி, அதே பெயரில் புதுக் குக்கீயை அனுப்பும். பிரவுசரில் இருந்த பழைய எண் அழிந்து உறுப்பினர் உண்மையிலேயே வெளியேறிவிடுவார். ‘பணம் பெறப்பட்டது’ என்று மெசேஜஸ் வசதியில் ஒரு வரி போடுவதுகூட செஷனில் போய் உட்காரலாம்.

‘ஸ்ட்ரிக்ட்’ பற்றி இரண்டு வரி. வெப்மெயிலில் வந்த இணைப்பைத் தட்டி வரும் உறுப்பினர் லாகின் ஆகாதவராகத் தெரிவார். எழுத்தர்களுக்கென்று தனி முகவரியில் இயங்கும் நிர்வாகத் தளமானால் ‘ஸ்ட்ரிக்ட்’ வைக்கலாம், உறுப்பினர் தளத்துக்கு வேண்டாம்.

‘செஷன்_குக்கீ_டொமைன்’ அமைப்பைத் தொடாதீர்கள். அதில் சங்கத்தின் டொமைன் பெயரை எழுதினால் அதன் கீழுள்ள எல்லாத் துணை டொமைன்களுக்கும் குக்கீ போகும். அவற்றில் ஒன்றை என்றோ வெளியாளுக்கு விழாப் படங்கள் போடக் கொடுத்திருப்பார்கள். குக்கீயின் பெயரை ‘__ஹோஸ்ட்-’ என்ற முன்னொட்டோடு தொடங்கினால், செக்யூர் குறி இல்லாமலோ டொமைன் குறிப்போடோ அதை வைக்கப் பிரவுசரே மறுத்துவிடும். ஒரே கணினியில் இரு ஜாங்கோ திட்டங்களை 8000, 8001 என்று வெவ்வேறு போர்ட்டில் ஓட்டுபவர்கள், ஒன்றில் லாகின் செய்தால் மற்றதில் வெளியேறுவதைப் பார்த்திருப்பார்கள். குக்கீ போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை; ‘செஷன்_குக்கீ_நேம்’ அமைப்பில் ஒன்றுக்கு வேறு பெயர் கொடுத்தால் தீர்ந்தது.

எங்கே வைப்பது

சங்கத்துக்குத் தரவுத்தளமே போதும். வேகம் தேவைப்பட்டால் ‘கேஷ்டு_டிபி’ எஞ்சின்: படிப்பது கேஷிலிருந்து, எழுதுவது இரண்டிலும். கேஷில் மட்டும் வைத்தால், ரெடிஸ் தரவைச் சேமிக்காமல் மறுதொடக்கம் ஆகும் அன்று எல்லாரும் வெளியேறிவிடுவார்கள். கேஷ் என்று எதையும் அமைக்காமல் கேஷ் எஞ்சினைப் போட்டால் இன்னும் விநோதம். ஜாங்கோவின் இயல்புக் கேஷ் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனி நினைவகம்; ஒரு கிளிக்கில் உள்ளே, அடுத்த கிளிக்கில் வெளியே என்று உறுப்பினர் ஊசலாடுவார்.

‘சைன்டு_குக்கீஸ்’ எஞ்சின் செருப்பையும் நம் கையிலேயே கொடுத்துவிடும் ரகம். தரவு முழுவதும் கையொப்பத்தோடு குக்கீயில் போகும். 4096 பைட் எல்லை, பயனரே படிக்கலாம் என்பவை சிறு குறைகள். பெரிய குறை, சர்வரால் ரத்துசெய்ய முடியாதது. லாகவுட் செய்தபின்னும் நகலெடுத்த குக்கீ கெடு முடியும்வரை செல்லும். பணம் புழங்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள்.

நுழைவும் வெளியேற்றமும்

ஜாங்கோவின் ‘லாகின்’ செயற்கூறு, நுழைந்ததும் செஷன் எண்ணை மாற்றிவிடும். தான் அறிந்த எண்ணை முன்கூட்டியே பிறர் பிரவுசரில் திணித்துக் காத்திருக்கும் தந்திரம் இதனால் பலிக்காது. நீங்களே சொந்தமாக ஓ.டி.பி. லாகின் எழுதினால், முடிவில் இதே செயற்கூறை அழையுங்கள். செஷனில் உறுப்பினர் எண்ணை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடவுச்சொல் மாறினால் அந்த உறுப்பினரின் பழைய செஷன்கள் எல்லாம் தாமே செல்லாமல் போகும். மாற்றியவர் மட்டும் உள்ளேயே இருக்க ‘அப்டேட்_செஷன்_ஆத்_ஹாஷ்’ வேண்டும்.

ஜாங்கோ 5.0 முதல், உடன்வரும் லாகவுட் பக்கம் ‘போஸ்ட்’ கோரிக்கையை மட்டுமே ஏற்கும். பழைய வார்ப்புருவில் லாகவுட் வெறும் இணைப்பாக இருந்தால் அதைப் படிவப் பொத்தானாக மாற்றுங்கள். அந்தப் பொத்தான் கண்ணில் படும்படி இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் இருக்கும் பெரியவர் மூன்று கோடு போட்ட பட்டியைத் திறந்து தேடமாட்டார்.

அவர் வெளியேறிய பிறகு அடுத்தவர் பேக் பொத்தானை அழுத்தினால்? செஷன் போயிருந்தாலும் பிரவுசர் சேமித்துவைத்த பழைய பக்கம், பாக்கித் தொகையோடு, திரையில் வந்து நிற்கலாம். கணக்குப் பக்கங்களுக்கெல்லாம் ‘நெவர்_கேஷ்’ அலங்கரிப்பானைப் போடுங்கள். செஷன் அமைப்பில் அடங்காத விஷயம் என்பதால் விடுபட்டுப்போவது இதுதான்.

காலாவதியான வரிகளை ஜாங்கோ தானாக அழிப்பதில்லை. ‘க்ளியர்செஷன்ஸ்’ கட்டளையை நாள்தோறும் இரவில் ஓடும்படி கிரானில் சேர்த்துவிடுங்கள்.

வெளியிடும் முன்

‘செக்’ கட்டளையை ‘டிப்ளாய்’ தெரிவோடு ஓட்டினால் செக்யூர் குறிகள் விடுபட்டிருப்பதைச் சொல்லிவிடும். மற்றவற்றைக் கையால் சோதிக்கவேண்டும். பெட்டியில் குறியிடாமல் லாகின் செய்து 11 நிமிடம் விட்டுப் பாருங்கள். கேட்வேயின் சோதனைத் தளத்தில் ஒரு ரூபாய் கட்டி, ரசீதுப் பக்கம் லாகின் ஆனபடியே வருகிறதா என்று பாருங்கள். இதைக் குரோமில் மட்டும் செய்து நிறுத்தாமல் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியிலும் செய்யுங்கள். கடைசியாக, லாகின் ஆன நிலையில் டெவலப்பர் கருவிகளிலிருந்து செஷன் எண்ணை நகலெடுத்து வைத்துக்கொண்டு லாகவுட் செய்யுங்கள். வேறொரு பிரவுசரில் அதே பெயரில் அந்த எண்ணைக் குக்கீயாக ஒட்டி, கணக்குப் பக்கத்தைத் திறங்கள். லாகின் பக்கம் வந்தால் தளத்தை வெளியிடலாம். பாக்கித் தொகை தெரிந்தால் எஞ்சின் அமைப்பையும் லாகவுட் நிரலையும் மறுபடி பாருங்கள்.